கியர்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன்: படகு இயந்திரம் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஐந்தைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். எழுதியவர்கள் வெவ்வேறு கரைகளைச் சேர்ந்தவர்கள், அவர்களுடைய இயந்திரங்களும் வெவ்வேறானவை. ஆயினும் ஐந்து கடிதங்களும் கியர் என்ற ஒரே இடத்திலேயே வந்து நிற்பதால், அவற்றை ஒன்றாக வைத்துப் பதிலளிப்பது பயன்தரும் என்று எண்ணினேன்.

கேள்வி (முழங்காவில் வாசகர்): ஐயா, நாங்கள் மூவர் பணம் போட்டு, தெற்கிலிருந்து ஒரு பழைய உல்லாசப் படகை வாங்கினோம். பெற்றோல் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கிறது. விசிறியுள்ள கால் பின்பலகைக்கு வெளியே தொங்குகிறது. இரணைமாதாநகர் இறங்குதுறையிலிருந்து இரணைதீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லவே இதை வாங்கினோம். இப்போது முன் கியரிலிருந்து நியூற்றலுக்கு இழுக்கும்போது பிடி இறுகி நிற்கிறது. பலமாக இழுத்தால் எஞ்சின் நின்றுபோகிறது. இரண்டு தடவை இறங்குதுறையில் மோதப் பார்த்தது. கியர்ப் பெட்டியைக் கழற்றிப் பல்லுகளை மாற்ற வேண்டும் என்று பார்த்தவர் சொல்கிறார். கழற்றலாமா?

பதில்: இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பழுது தீரும்வரை அந்தப் படகில் எவரையும் ஏற்றாதீர்கள். நியூற்றலுக்கு வர மறுக்கும் படகு, கரையோரத் தண்ணீரில் இறங்கி நின்று அணியத்தைப் பிடிக்கிறவர்களின் உயிருக்கே ஆபத்தானது. எஞ்சின் நின்றுபோனால் றிவேர்ஸ் போட்டு வேகத்தைத் தணிக்கவும் வழி இராது.

உங்களிடம் இருப்பது ஸ்டேர்ன் ட்ரைவ். வன்னிக் கரைகளில் இது அரிது. நம்மவர் கையில் உள்ளவை பெரும்பாலும் பின்பலகையில் மாட்டுகிற வெளியிணைப்பு இயந்திரங்கள். பலநாட் கலங்களில் உள்ளிணைப்பு இயந்திரங்கள். ஸ்டேர்ன் ட்ரைவ் இவ்விரண்டையும் கலந்து செய்தது. எஞ்சின் உள்ளேயும், வெளியிணைப்பு இயந்திரத்தின் கால் போன்ற ஒரு பகுதி வெளியேயும் இருக்கும். படகைத் திருப்புவதும் காலை உயர்த்துவதும் அந்த வெளிப்பகுதியாலேயே நடக்கும். 1959ஆம் ஆண்டில் வொல்வோ பென்ரா நிறுவனம் அக்குவாமற்றிக் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961இல் மேர்க்குரி நிறுவனத்தின் மேர்குருசர் வந்தது. இந்த அமைப்பில் கியர் கேபிள் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு, திரும்பியும் உயர்ந்தும் அசைகிற ஒரு மூட்டின் வழியாக வெளியே போக வேண்டியிருக்கிறது. வருடக்கணக்காக மடிந்து நிமிர்கிற அந்தத் துண்டுக் கேபிளைத்தான் நீங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல்லுகளைப் பற்றிய யோசனை அதற்குப் பின்னரே வர வேண்டும்.

உங்கள் அறிகுறியைப் பார்த்தால் அது மேர்குருசர் அல்ஃபா வகைக் காலாக இருக்க வேண்டும் என்றே எண்ணுகிறேன். அந்த வகையில், காலின் அடிப்பெட்டிக்குள் முன் கியருக்கு ஒரு சில்லும் றிவேர்ஸுக்கு ஒரு சில்லும் எப்போதும் எதிரெதிர்த் திசைகளில் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே, விசிறித் தண்டின்மேல் வழுக்கி நகருகிற ஒரு பல் கிளச் இருக்கிறது. அது ஒரு பக்கம் நகர்ந்து ஒரு சில்லின் பல்லோடு கோத்துக்கொண்டால் படகு முன்னே போகும். மறுபக்கம் கோத்துக்கொண்டால் பின்னே வரும். நடுவில் நின்றால் நியூற்றல். எஞ்சின் விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது, கோத்திருக்கும் பல்லுகள் ஒன்றையொன்று இறுக்கி அழுத்திக்கொண்டிருப்பதால், வெறும் கைப்பலத்தால் அவற்றை இழுத்துப் பிரிப்பது கடினம். ஆகவே எஞ்சின்மேல் உள்ள கியர்த் தட்டில் ஒரு சிறு சுவிச்சை வைத்திருக்கிறார்கள். நீங்கள் பிடியை இழுக்கும்போது கேபிளில் எதிர்ப்பு ஏற்பட்டால், அந்தத் தட்டிலுள்ள நெம்பு சற்று விலகிச் சுவிச்சைத் தொடும். சுவிச் ஒரு கணநேரம் எஞ்சினின் பற்றவைப்பைத் துண்டிக்கும். எஞ்சின் ஒரு தடவை தடுமாறும். பல்லுகளின் அழுத்தம் தளரும். கிளச் வெளியே வந்துவிடும். கிளச் வெளியே வந்ததும் எதிர்ப்பு நீங்கி, நெம்பு தன் இடத்துக்குத் திரும்ப, எஞ்சின் மறுபடி சீராக ஓடும்.

இதை விளங்கிக்கொண்டால் உங்கள் எஞ்சின் நின்றுபோவதன் காரணமும் தானாகவே விளங்கிவிடும். கேபிளே துருவேறி இறுகியிருந்தால், எதிர்ப்பு பல்லிலிருந்து வருகிறதா கேபிளிலிருந்து வருகிறதா என்று நெம்புக்குத் தெரியாது. அது சுவிச்சை அழுத்தியபடியே நிற்கும். பற்றவைப்பு ஒரு கணத்துக்குப் பதிலாக நீண்ட நேரம் துண்டிக்கப்பட, எஞ்சின் அடங்கிவிடும். இதற்கு மாறாக, எஞ்சின் சிறிதும் தடுமாறாமல் ஓடிக்கொண்டிருக்க, பிடி மட்டும் வெளியே வர மறுத்தால், சுவிச்சோ அதன் வயரோ வேலை செய்யவில்லை என்றோ அது சரியாகப் பொருத்தப்படவில்லை என்றோ கொள்ளலாம். உங்களுடையது முதல் வகை.

சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். படகைக் கரையேற்றி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். விசிறியைக் கையால் தொடும் எந்த வேலைக்கும் இது விதி. கியர்த் தட்டில் இரண்டு கேபிள்கள் வந்து சேர்வதைக் காண்பீர்கள். ஒன்று ஓட்டுநரின் பிடியிலிருந்து வருவது, மற்றையது அங்கிருந்து பின்பலகை வழியாகக் காலுக்குப் போவது. முந்தியதை மேல் கேபிள் என்றும் பிந்தியதைக் கீழ்க் கேபிள் என்றும் வைத்துக்கொள்வோம். கீழ்க் கேபிளின் நுனியைத் தட்டிலிருந்து கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் அதன் பித்தளைத் துண்டு நிற்கும் இடத்தைப் பெயின்றால் அடையாளமிட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு பிசகினால் பிறகு கியர் அரைகுறையாக விழும். இப்போது பிடியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் அது போனால் மேல் கேபிளும் பிடியும் நல்லவை. இறுக்கம் அப்படியே இருந்தால் பழுது மேல் கேபிளில், அல்லது பிடிப் பெட்டிக்குள். அதற்காகக் காலைத் தொடவே தேவையில்லை.

மேல் கேபிள் நல்லதென்று கண்டால், கழற்றிய கீழ்க் கேபிளின் நுனியைக் கையால் பிடித்துத் தள்ளி இழுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் விசிறியை மெதுவாகக் கையால் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. எஞ்சின் நிற்கும்போது கிளச்சின் பல்லும் சில்லின் பல்லும் நுனிக்கு நுனி முட்டி நிற்கக்கூடும்; விசிறியைச் சுழற்றினால்தான் ஒன்று மற்றையதன் இடைவெளிக்குள் விழும். அது தெரியாமல், நிற்கிற எஞ்சினில் பிடியை வலிந்து தள்ளி, நல்ல கேபிளையும் வளைத்துக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். விசிறி சுழல, கேபிள் இரு விரல்களின் பலத்திலேயே முன்னும் பின்னும் போகுமானால் கீழ்க் கேபிளும் நல்லது. முழங்கைப் பலம் தேவைப்பட்டால் குற்றவாளி அதுவே. அப்போதும் காலைக் கழற்றத்தான் வேண்டும், ஆனால் கேபிளை மாற்றுவதற்காக மட்டும்; அடிப்பெட்டியின் பல்லுகளைத் தொட வேண்டியதில்லை. அல்ஃபா காலைக் கழற்றுமுன் முன் கியரில் போட்டுவிட வேண்டும் என்பதை உங்கள் மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள். நியூற்றலில் வைத்து இழுத்தால் உள்ளே கியர் இணைப்பு அகப்பட்டுச் சேதமடையும். திரும்பப் பொருத்தும்போதும் முன் கியர்தான்.

இத்தனை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன், இதே போன்ற ஒரு காலை நான் நேரே அடிப்பெட்டிவரை பிரித்தேன். பல்லுகள் கூர் மழுங்காமல் இருந்தன. பிரித்ததால், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் சீல்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அவை கொழும்பிலிருந்து வந்து சேரும்வரை ஒரு குடும்பத்தின் படகு கரையில் கிடந்தது. கடைசியில் பழுது கேபிளில்தான் இருந்தது. அந்தக் குடும்பம் இழந்த நாட்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நல்ல பட்டறை அருகில் இல்லாத, உதிரிப்பாகத்துக்கு ஏ-32 வீதியில் நெடுந்தூரம் போய்வர வேண்டிய நம்முடைய ஊர்களில், எதையும் பிரிப்பதற்கு முன் பழுது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிரித்தறிவது மெக்கானிக் படகுக்காரருக்குச் செலுத்த வேண்டிய கடமை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சின் நிற்பதைத் தடுக்க அந்தச் சுவிச்சின் வயரைப் பிடுங்கிவிடச் சொல்லுகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். பிடுங்கினால் எஞ்சின் நிற்காது என்பது உண்மை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு தடவையும் அழுத்தத்தில் இருக்கும் பல்லுகளைக் கைப்பலத்தால் பிடுங்குகிறீர்கள். மெக்கானிக் மாற்றச் சொன்ன அந்தப் பல்லுகளை அப்போது உண்மையாகவே மாற்ற வேண்டி வரும்.

காலைக் கழற்றும் சந்தர்ப்பத்தில், கேபிள் வெளியே போகும் இடத்திலுள்ள மடிப்பு றப்பர் உறையையும் கட்டாயம் பாருங்கள். அதில் வெடிப்பிருந்தால் உப்புத்தண்ணீர் கேபிளுக்குள்ளும் படகுக்குள்ளும் வரும். நங்கூரமிட்டுக் கிடக்கும் படகைத் தாழ்க்க அந்த ஒரு வெடிப்பே போதும். புதிய கேபிள் வாங்கும் காசில் உறைக்கும் சேர்த்து ஒதுக்கிக்கொள்ளுங்கள். பழைய கேபிளுக்குள் கிறீஸ் ஊற்றி இளக்கப் பார்க்காதீர்கள். உட்புறம் பிளாஸ்ரிக் பூச்சுள்ள அந்தக் கேபிள்கள் பழுது பார்ப்பதற்கென்று செய்யப்பட்டவையல்ல.

வேலை முடிந்து பூட்டியபின் ஐட்லிங்கையும், அதாவது துரொட்டிலைக் கூட்டாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தையும், அளந்து பாருங்கள். கியரில் நிற்கும்போது இவ்வகை எஞ்சின்கள் பொதுவாக நிமிடத்துக்கு 600 முதல் 700 சுற்று வரையில் ஓட வேண்டும். சரியான அளவை உங்கள் எஞ்சினின் கைந்நூல் சொல்லும். அதைவிட உயர்ந்திருந்தால், கேபிள் எவ்வளவு புதிதாயிருந்தாலும் கியர் இடித்துக்கொண்டே விழும்.

கேள்வி (நாயாறு வாசகர்): எங்கள் 25 குதிரைவலு மண்ணெண்ணெய் மோட்டோர் முன் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாரம் கூடினால் டக் டக் என்று அடித்துக் கியர் கழன்றுவிடுகிறது. கேபிள் இல்லை, பிடி மோட்டோரிலேயே உள்ளது. இதற்கும் சுவிச் உண்டா?

பதில்: இல்லை. உங்கள் மோட்டோரிலும் உள்ளே இருப்பது அதே பல் கிளச்தான். ஆனால் பிடியிலிருந்து ஒரு கம்பி நேரே கீழே இறங்கி அதை நகர்த்துகிறது. முதலில் அந்தக் கம்பியின் இணைப்பையும் பிடியின் தேய்வையும் பாருங்கள். கம்பி முழுத்தூரம் நகராவிட்டால் பல்லுகள் நுனியளவே கோத்து நிற்கும், பாரம் ஏறியதும் வழுக்கிவிடும். இணைப்புச் சரியாயிருந்தும் கியர் கழன்றால், பல்லுகளின் ஓரம் உருண்டுபோய்விட்டது என்பதே பொருள். அதை அரத்தால் ராவிக் கூராக்குவது சில காலத்துக்குத் தாங்கும், பிறகு விட்டுவிடும். கிளச்சையும், அதனோடு கோத்துக்கொள்ளும் முன்கியர்ச் சில்லையும் சேர்த்து மாற்றுவதே முறை.

அந்த ஓரம் எப்படி உருண்டது என்பதுதான் எனக்குக் கவலை. மண்ணெண்ணெயில் ஐட்லிங் சீராக நிற்பதில்லை என்பதற்காக நம்மவர்கள் அதை உயர்த்தி வைக்கிறார்கள். உயர்ந்த சுற்றில், பல்லுக்கு நோகக் கூடாதென்று எண்ணிப் பிடியை மெல்ல மெல்லத் தள்ளுகிறார்கள். அந்த அக்கறையே கேடாகிறது. மெதுவாகத் தள்ளினால் சுழலும் பல்லின் நுனிகள் ஒன்றின்மேல் ஒன்று உரசி உரசித் தாண்டும். நீங்கள் கேட்கிற கறகறப்பு அதுதான். ஐட்லிங்கை நன்கு தாழ்த்தி, ஒரே மூச்சில், தயங்காமல் போட வேண்டும். வலிந்து அடிக்கவும் கூடாது, இழுத்தடிக்கவும் கூடாது. கரையை அணையும்போது பெற்றோலுக்கு மாற்றிக்கொண்டால் ஐட்லிங் அடங்கி நிற்கும். ஒரு சிறு தொகைப் பெற்றோலை இதற்கென்று மிச்சம் பிடியுங்கள். முன்னே போகும் படகை நிறுத்த நேரே றிவேர்ஸுக்கு இழுக்கும் பழக்கத்தையும் உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். நியூற்றலில் ஒரு மூச்சு நிற்கட்டும்.

கேள்வி (மாத்தளன் வாசகர்): கியர் விழுகிறது. ஆனால் துரொட்டிலைக் கூட்டினால் எஞ்சின் இரைகிறது, வள்ளம் நகரவில்லை. கிளச் வழுக்குகிறது என்கிறார்கள்.

பதில்: பல் கிளச் வழுக்காது, கோத்தால் இழுக்கும், கழன்றால் அடிக்கும். சத்தமில்லாமல் இரைச்சல் மட்டும் கூடுவதென்றால் விசிறியைப் பாருங்கள். விசிறியின் நடுக்குடத்துக்குள், தண்டுக்கும் இலைகளுக்கும் இடையே ஒரு றப்பர் வளையம் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். விசிறி மணலிலோ கல்லிலோ அடிபட்டால் பல்லுகள் உடையாமல் காப்பது அதுவே. நந்திக்கடலின் ஆழமற்ற பகுதிகளில் ஓடுகிற உங்களுக்கு அது பலமுறை அடிவாங்கியிருக்கும். றப்பர் பிடிவிட்டால், மெதுவாக ஓடும்போது இழுக்கும், வேகம் கூட்டினால் குடத்துக்குள்ளேயே சுழலும்.

நிச்சயப்படுத்த ஒரு துளி பெயின்ற் போதும். விசிறியின் பின்முகத்தில், உட்குடத்திலிருந்து வெளிக்குடம் வரை ஒரு நேர்கோடு இழுத்துக் காயவிட்டு ஓடிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் றப்பர்தான் பழுது. புதிய றப்பர் அழுத்தவோ வேறு விசிறி போடவோ வேண்டும். கோடு அப்படியே நேராயிருந்தால் மட்டும் கியர் பக்கம் போங்கள். சில சிறு மோட்டோர்களில் றப்பருக்குப் பதில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அது அறுந்தால் விசிறி சுழலவே சுழலாது. அதற்கு ஆணியைப் போட்டு ஓடாதீர்கள், ஆணி அறாமல் பல்லை அறுத்துவிடும்.

ஸ்டேர்ன் ட்ரைவ் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: வொல்வோ பென்ராவின் பல கால்களிலும் மேர்குருசர் பிராவோவிலும் பல் கிளச் இல்லை, மேற்பெட்டியில் ஒரு கூம்புக் கிளச் இருக்கிறது. கூம்பு, சுருள் பள்ளமிட்ட தண்டின்மேல் ஏறி, பாரம் கூடக் கூட இறுகும்படி அமைந்தது. அதனால் பற்றவைப்பைத் துண்டிக்கும் சுவிச் அதற்குத் தேவையில்லை. ஆனால் கூம்பின் முகம் தேய்ந்தாலோ பொருந்தாத ஒயில் ஊற்றப்பட்டாலோ அது உண்மையாகவே வழுக்கும். ஆகையால், எந்தக் கால் என்று தெரியாமல் எவருடைய ஆலோசனையையும், என்னுடையதையும்கூட, ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (விடத்தல்தீவு வாசகர்): கியர் ஒயில் பால் போல் வெளுத்து வருகிறது. கியர் சத்தமில்லாமல் விழுகிறது. விட்டுவைக்கலாமா?

பதில்: விட்டுவைக்க வேண்டாம். வெளுப்பு என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஒயில் பெயறிங்கையும் பல்லையும் காக்காது. விசிறியைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். அங்கே அறுந்த தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை வெட்டியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இறுகியிருக்கும்; நகத்தால் தடவித் தேடுங்கள். ஒயிலை வடிக்கும்போது கீழ்ப் பிளக்கில் கரிய பசைபோல் இரும்புப் பொடி ஒட்டியிருப்பது இயல்பு; விரலில் உறுத்தும் இரும்புத் துண்டுகள் இருந்தால் பெட்டியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. சீல் மாற்றியபின் புதிய ஒயிலைக் கீழ்த் துவாரத்திலிருந்து ஏற்றி, மேல் துவாரத்தில் குமிழியில்லாமல் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அகப்பட்டு, பெட்டி நிறைந்ததுபோல் பொய் காட்டும். இரண்டு பிளக்குகளின் வாசர்களையும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி (அளம்பில் வாசகர்): வாடைக்காற்று முடியும்வரை படகைக் கரையேற்றிவிடுகிறோம். ஒவ்வொரு வருடமும் மாசியில் இறக்கும்போது கியர் இறுகிவிடுகிறது. ஓடும்போது வராத பழுது கிடக்கும்போது எப்படி வருகிறது?

பதில்: கிடப்பதால்தான் வருகிறது. ஓடுகிற கேபிளில் துரு ஒட்ட நேரமில்லை. கார்த்திகை தொடங்கி மாதக்கணக்கில் அசையாமல், உப்பு ஈரத்தோடு கிடக்கிற கேபிளில் அது நிதானமாக வேரூன்றும். கரையேற்றும் அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, கியர் ஒயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஒயிலில் தண்ணீர் இருந்தால் அது மழைக்காலம் முழுவதும் பெயறிங்கோடு கிடக்கக் கூடாது. விசிறியைக் கழற்றித் தண்டின் பள்ளங்களில் கிறீஸ் பூசித் திரும்ப மாட்டுங்கள். காலை நிமிர்த்தாமல் கீழே தாழ்த்தி வையுங்கள். உள்ளே நின்ற தண்ணீர் வடிந்துவிடும், ஸ்டேர்ன் ட்ரைவாயின் மடிப்பு றப்பர்களும் இழுபடாமல் இருக்கும். பிறகு வாரத்துக்கொரு தடவை, மழை விட்ட நேரம் பார்த்துப் படகடிக்குப் போய், ஒருவர் விசிறியைக் கையால் சுழற்ற மற்றவர் பிடியை முன்னுக்கும் றிவேர்ஸுக்கும் பத்துத் தடவை போட்டெடுங்கள். போட்டெடுத்து முடிந்ததும் நியூற்றலில் விட்டுவிட்டு வாருங்கள்.